கடல்கோளும் பெயரும்: நெய்தல் நிலத்து நினைவு மரபு

முன்னுரை

ஐந்திணைக்கும் உரிப்பொருள் வகுத்த தமிழ் மரபு, கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு இரங்கலை உரியதாக்கியது. பிரிந்து சென்றவனை எண்ணித் தலைவி கானற்கரையில் இரங்குவதும், அலையோசையும் புள்ளொலியும் அவள் துயரை மிகுவிப்பதும் நெய்தற் பாடல்களில் நாம் காணும் காட்சிகள். அவ்விரங்கலின் அடியில் ஒரு நம்பிக்கை மறைந்து நிற்கும். சென்றவன் மீளக்கூடும் என்பதே அந்நம்பிக்கை.

2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்நம்பிக்கைக்கு இடமில்லாத இரங்கல் நம் கடற்கரை முழுவதும் எழுந்தது. சுமத்திராத் தீவின் மேற்குக் கரையை ஒட்டிய கடலடியில், இந்திய நேரப்படி காலை 6.29 மணியளவில் 9.1 அளவுடைய நிலநடுக்கம் நிகழ்ந்தது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் அதன் பேரலைகள் தமிழகக் கரையை அடைந்தன. இந்துமாக்கடலைச் சூழ்ந்த நாடுகளில் ஏறத்தாழ 2,30,000 பேர் மாண்டனர். இந்தியாவில் இறந்தோரும் காணாமற் போனோருமாக 16,000-க்கு மேற்பட்டோரை இழந்தோம். தமிழகத்தில் மாண்டவர் ஏறத்தாழ 8,000 பேர். அவருள் 6,000-க்கு மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர்.

மேலே யாம் தந்தவை எண்கள். எல்லா நூல்களும் இவற்றைத் தருகின்றன. ஆனால் உயிர் பிழைத்தோரும் உற்றாரை இழந்தோரும் அந்நாளை எண்களால் நினைப்பதில்லை. அவர்கள் எவ்வாறு நினைக்கிறார்கள், அந்நினைவுக்கும் நம் இலக்கிய மரபுக்கும் உள்ள தொடர்பு யாது, அந்நினைவு அடுத்த தலைமுறைக்கு எப்பயனைத் தரும் என்பவற்றைச் செங்கல்பட்டு மாவட்டத்து மாமல்லபுரக் கரையை நடுவாக வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இன்று எம் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவ மாணவியர் பலர் அப்பேரலைக்குப் பின் பிறந்தவர்கள். ஆதலின் இவ்வாய்வு அவர்கள் பொருட்டே எழுதப் பெறுகிறது.

பழைய கடல்கோள்கள்

கடல் பொங்கி நிலத்தைக் கொள்ளுதலைக் கடல்கோள் என்றனர் நம் முன்னோர். இறையனார் களவியல் உரை, தென்மதுரையும் கபாடபுரமும் கடலாற் கொள்ளப்பட்டதைக் கூறுகிறது. பஃறுளியாறும் குமரிக்கோடும் கடல்வாய்ப் பட்ட செய்தி சிலப்பதிகாரத்தில் வருகிறது. அந்நூலுக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார், கடல் கொண்ட நாடுகள் நாற்பத்தொன்பது என்று கணக்கிடுகிறார். இவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், கடலின் சீற்றம் பற்றிய அச்சமும் இழப்புணர்வும் நம் மொழியின் ஆழத்தில் தங்கியிருந்தன என்பதற்கு இவை சான்றாகும்.

இங்கு நாம் ஒன்றைக் கருதுதல் வேண்டும். களவியல் உரை, தலைச்சங்கம் 4,440 ஆண்டு நிலவியது என்றும் அதனுட் பாடிய புலவர் 4,449 பேர் என்றும் எண்ணிச் சொல்கிறது. சங்கத்தில் வீற்றிருந்த புலவர் சிலர் பெயரையும் தருகிறது. மறைந்த நூல்களின் பெயர்கள் உள. மூழ்கிய ஆற்றின் பெயர் உளது. மூழ்கிய மலையின் பெயரும் உளது. ஆனால் அக்கரையில் வலை உலர்த்திக் கொண்டிருந்த ஒருவனுடைய பெயரோ, உப்பு விற்கச் சென்ற ஒருத்தியின் பெயரோ இல்லை. அன்றைய மரபு நிலத்தின் இழப்பையும் நூலின் இழப்பையும் நினைவிற் கொண்டது. எளிய மாந்தரின் பெயரை அது கொள்ளவில்லை.

மணிமேகலையில் வரும் கடல்கோள் சற்று வேறானது. பீலிவளை பெற்ற மைந்தனை ஏற்றி வந்த மரக்கலம் கடலில் உடைகிறது. மகனைக் காணாத சோழ மன்னன், அவனைத் தேடும் துயரில் இந்திர விழாவை மறக்கிறான். விழா மறந்த குற்றத்தால் புகார் நகரைக் கடல் கொள்கிறது. இக்கதையின் நடுவே நிற்பவன் மகனைக் கடலுக்குப் பறிகொடுத்த ஒரு தந்தை. பேரழிவுக்கு ஒரு குற்றத்தைக் காரணமாகத் தேடும் மனித இயல்பையும், அக்குற்றம் ஏற்கெனவே துயருற்றவன் தோளிலேயே ஏற்றப்படுவதையும் இக்காப்பியம் காட்டிவிடுகிறது. இது பழங்கதை என்று நாம் கடந்துவிடலாகாது. இன்றைய நெய்தல் நிலத்திலும் இவ்வியல்பு உண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

மாமல்லபுரக் கரை வெளிப்படுத்தியவை

கடல் நகரைக் கொண்டது என்னும் பேச்சு மாமல்லபுரத்திற்குப் புதிதன்று. கடற்கரைக் கோயிலோடு ஏழு கோயில்கள் இருந்தன என்றும், ஏனையவற்றைக் கடல் கொண்டது என்றும் வழங்கும் செவிவழிச் செய்தியை ஐரோப்பியப் பயணிகளும் எழுதி வைத்தனர். 2004இல் பேரலைக்கு முன் கடல் உள்வாங்கியபோது, நீருக்குள் கிடந்த பாறைத் தொகுதிகளைக் கண்டதாகக் கரையிலிருந்தோர் கூறினர். அலை வடிந்தபின், மணல் மூடிக் கிடந்த செதுக்குப் பாறைகள் சில வெளிப்பட்டன.

மாமல்லபுரத்திற்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் நிகழ்ந்தது இன்னும் வியப்புடையது. பேரலை மணலை அரித்துச் சென்றமையால் பாறையொன்றிற் பொறித்த கல்வெட்டு புலப்பட்டது. அதிற் குறிக்கப்பட்ட கோயிலைத் தேடி இந்தியத் தொல்லியல் துறையினர் 2005இல் அகழ்ந்தபோது, மணலுக்கடியில் முருகன் கோயிலொன்று வெளிவந்தது. பல்லவர் காலக் கட்டுமானத்தின் கீழ், அதனினும் பழைய செங்கற் கோயிலின் அடித்தளம் இருந்தது. செங்கற் கோயில் கடற்சீற்றத்தால் அழிந்தது என்பது அகழாய்வாளர் கருத்து. அழிந்த இடத்திலேயே பின்வந்தோர் மீண்டும் கோயில் எழுப்பினர். அதையும் காலப்போக்கில் மணல் மூடியது.

அக்கோயிலிற் கிடைத்த கல்வெட்டுகளுள் ஒன்று எம் சிந்தையை விட்டு நீங்காதது. வசந்தனார் என்னும் பெண்மணி, கோயிலில் விளக்கெரிப்பதற்கு 16 கழஞ்சு பொன் அளித்த செய்தியை அது சொல்கிறது. அவ்விளக்கு அணைந்து பல நூற்றாண்டுகள் ஆயின. கோயிலும் மண்ணுக்குள் சென்றது. ஆயினும் கல்லில் எழுதிய காரணத்தால் அவர் பெயர் மட்டும் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் மீண்டது. எந்த அலை நம் காலத்து ஆயிரக்கணக்கானோரை வாரிச் சென்றதோ, அதே அலை அப்பெயரை நமக்குத் திருப்பித் தந்தது.

இக்கரையின் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய கோட்டை உள்ளது. அதனுள் அவர்களுடைய கல்லறைகள் உள்ளன. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் தாய்நாட்டை விட்டு வந்து இங்கு மாண்ட வணிகரின் பெயர்கள் கல்லில் அழகுற வெட்டப்பட்டுள்ளன. அக்கோட்டையை அடுத்துத்தான் கல்பாக்கம். பேரலை அன்று கல்பாக்கம் நகரியத்திற்குள்ளும் புகுந்து உயிர்களைக் கொண்டது. அணுமின் நிலையம் பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அந்நிலையத்தைப் பற்றிய செய்தியை நாடெங்கும் அறிந்தனர். சுற்றியிருந்த குப்பங்களில் மாண்டவர் பெயரை அவரவர் சுற்றத்தாரே அறிந்தனர். கல்லில் எழுதப்பெற்ற பெயருக்கும் எழுதப்பெறாத பெயருக்கும் இடையேயுள்ள தொலைவை ஆய்வாளர் இக்கரையில் நடந்தே அளக்கலாம்.

எழுதாத பெயர்

இங்கு எம்முடைய குறை ஒன்றைக் கூறுதல் கடமையாகிறது. 2005ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் யாம் ஆய்வு மாணவராய் இருந்தோம். நண்பர் சிலருடன் சேர்ந்து, மாமல்லபுரத்திற்கு வடக்கேயுள்ள ஒரு குப்பத்திற்கு உதவிப் பொருள் வழங்கச் சென்றோம். வீடுதோறும் கணக்கெடுக்கும் பணி எமக்கு வாய்த்தது. படகு, வலை, பாத்திரம், பாய் என இழந்தவற்றையெல்லாம் எழுதுவதற்கு எம் படிவத்தில் கட்டங்கள் இருந்தன. இறந்தோர் எத்தனை பேர் என்பதற்கும் ஒரு கட்டம் இருந்தது. பெயருக்கு இடமில்லை. அப்படிவத்தை வகுத்தவர்களுள் யாமும் ஒருவர்.

ஒரு வீட்டு வாயிலில் அமர்ந்திருந்த பெண்ணிடம் இறந்தோர் எண்ணிக்கையைக் கேட்டோம். அவர் எண்ணைச் சொல்லவில்லை. இரண்டு பெயர்களைச் சொன்னார். யாம் 2 என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குச் சென்றோம்.

அக்குறிப்பேடு நெடுங்காலம் எம் அலமாரியில் கிடந்தது. 2024ஆம் ஆண்டில், பேரலையின் இருபதாம் ஆண்டு நினைவையொட்டி மாணவரைக் களப்பணிக்கு அழைத்துச் செல்ல எண்ணி அதனை எடுத்துப் பார்த்தோம். மை சற்று மங்கியிருந்தது. பாத்திரங்களின் எண்ணிக்கை தெளிவாக இருந்தது. படகின் நீளமும் இருந்தது. அவ்விரு பெயர்களை எம்மால் நினைவுகூர இயலவில்லை. களவியல் உரைகாரரைப் பற்றி நாம் மேலே கூறிய குறை எமக்கும் பொருந்துகிறது என்பதை அன்று உணர்ந்தோம்.

அதே குப்பத்திற்கு மாணவருடன் மீண்டும் சென்றோம். அப்பெண்மணியைக் கண்டறிந்தோம். அவருக்கு எம்மை நினைவில்லை. அன்று வந்தவர் எத்தனையோ பேர். யாம் செய்த பிழையைச் சொன்னபோது அவர் சினக்கவில்லை. இப்போது எழுதிக்கொள்ளுங்கள் என்று கூறி, இரு பெயர்களையும் மீண்டும் சொன்னார். பெயரோடு நின்றுவிடவில்லை. மூத்தவனுக்குப் பழைய சோறு பிடிக்கும் என்பதையும், இளையவள் அன்று காலை தலை பின்னிக்கொள்ள மறுத்து ஓடியதையும் எழுதச் சொன்னார். அன்று விடுமுறை நாளாதலின் பிள்ளைகள் கரையில் விளையாடிக் கொண்டிருந்தனர். கடற்கரைக்குப் போகாதே என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று இருபது ஆண்டுகளாகத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வதாகவும் அவர் கூறினார்.

மகனைத் தேடிய சோழ மன்னன்மேல் காப்பியம் ஏற்றிய பழியை, இத்தாய் தாமே தம்மேல் ஏற்றிக்கொண்டிருக்கிறார். அன்று இந்துமாக்கடலில் எச்சரிக்கை அமைப்பு எதுவும் இருக்கவில்லை. நிலநடுக்கத்திற்கும் அலை வருகைக்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் இருந்தும், இக்கரைக்கு ஒருவரும் செய்தி சொல்லவில்லை. பிழை அத்தாயினுடையதன்று. இதனை எம் மாணவி ஒருத்தி அவருக்கு விளக்கிச் சொன்னாள். அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அறிவு துயரைப் போக்கிவிடாது. ஆனால் இழந்தவர் தோளிலிருந்து ஒரு பொய்யான பழியை இறக்கி வைக்க அதனால் இயலும்.

அவ்விரு பெயர்களும் இப்போது எம் குறிப்பேட்டில் உள்ளன. அவை அக்குடும்பத்தின் உடைமையாதலின் இம்மலரில் அச்சிடப் பெறவில்லை.

நினைவின் வடிவங்கள்

இறந்தோரை நினைத்தற்குத் தமிழில் மூவகை மரபுகள் உள்ளன எனலாம். முதலாவது கையறுநிலை. தலைவன் இறந்தபோது சார்ந்தோர் செயலற்றுப் பாடுவது அது. பாரியை இழந்த மகளிர், கடந்த திங்களின் நிலவையும் இற்றைத் திங்களின் நிலவையும் அருகருகே வைத்துத் தம் இழப்பை அளந்த புறநானூற்றுப் பாடலை நாம் அறிவோம். 2004 டிசம்பர் 26ஆம் நாளும் முழுநிலா நாள் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. இரண்டாவது நடுகல். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என அதன் நிலைகளைத் தொல்காப்பியம் வகுக்கிறது. பெயரைக் கல்லில் நிறுத்துவதே அதன் உயிர். மூன்றாவது ஒப்பாரி. இது பெண்களின் வாய்மொழி. ஏட்டில் ஏறாதது. இறந்தவரின் உறவுமுறையையும் பழக்கங்களையும் உருவத்தையும் பெயர் சொல்லி விளித்துப் பாடுவது.

பேரலைக்குப் பின் இம்மூன்றும் புதிய வடிவங் கொண்டன. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி முதலிய ஊர்களில் நினைவுச் சின்னங்கள் எழுந்தன. இவை நம் காலத்து நடுகற்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 26ஆம் நாள் கடற்கரை ஊர்களில் மக்கள் கூடுகின்றனர். கடலில் பால் ஊற்றுகின்றனர். மலர் தூவுகின்றனர். மெழுகுவத்தி ஏற்றுகின்றனர். பல ஊர்களில் அன்று எவரும் கடலுக்குச் செல்வதில்லை.

இச்சடங்கில் ஒரு மாற்றம் புலனாகிறது. வழக்கமாக இந்துக் குடும்பத்தார் இறந்தோருக்குரிய கடனைத் திதி பார்த்துச் செய்வர். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நாள். ஆனால் பேரலையில் மாண்டோரை ஊர் முழுவதும் ஆங்கில நாட்காட்டியின் ஒரே தேதியில் நினைக்கிறது. திதி வீட்டுக்குள் நிற்க, தேதி கரைக்கு வந்துவிட்டது. வீட்டுத் துயர் ஊர்த் துயராகிய வரலாறு இந்நாட் குறிப்பிலேயே அடங்கியிருக்கிறது.

உடல் கிடைக்காதவரின் குடும்பத்தார் நிலை வேறு. அவர்கள் அழுவதற்கும் தயங்கினர். உடலைக் காணாமல் கடன் செய்தால் உயிரோடிருப்பவரைக் கொன்றதாகுமோ என்று அஞ்சினர். ஏழாண்டு செய்தியறியப் படாதவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. மனம் அக்கணக்கை ஏற்பதில்லை. கதவைத் தாழிடாமல் உறங்கும் வழக்கம் ஒரு வீட்டில் பல்லாண்டு தொடர்ந்ததை மாணவர் குறித்து வந்தனர். நெய்தலின் பழைய உரிப்பொருள், அதாவது மீளுவான் என்னும் நம்பிக்கையோடு கூடிய இரங்கல், அவ்வீட்டில் இன்னும் வாழ்கிறது.

கூடி அடக்கியோர்

சமயங்கள் தத்தம் முறையில் ஆறுதல் கூறின. நீரில் மூழ்கி இறந்தோரை ஷஹீதுகளின் வரிசையில் வைக்கும் நபிமொழி, பிள்ளைகளை இழந்த முஸ்லிம் குடும்பங்களுக்கு ஊன்றுகோலாயிற்று. கிறித்தவர், கல்லறைத் திருநாளில் கூட்டுக் கல்லறைகளின்மேல் மலர் வைக்கின்றனர். குமரி மாவட்டத்துக் குளச்சலிலும் வேளாங்கண்ணியிலும் பலர் ஒரே குழியில் அடக்கப் பெற்றனர். கிறிஸ்துமசுக்கு மறுநாளாதலின் வேளாங்கண்ணியில் வெளியூர் யாத்திரிகரும் மிகுதியாக மாண்டனர்.

நாகூர் தர்காவில் அன்று ஆயிரக்கணக்கானோர் அடைக்கலம் புகுந்தனர். இறந்தோர் பலர் சமய வேறுபாடின்றித் தர்காவுக்குரிய நிலத்தில் அடக்கஞ் செய்யப் பெற்றனர். பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார், சுற்றியிருந்த மீனவ ஊர் மக்களுக்கு உணவும் இடமும் அளித்தனர். நம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளத்தில், தர்காவும் தேவாலயமும் கோயிலும் ஒரே கடலோசையைக் கேட்டு நிற்கின்றன. அலை வீடு பார்த்து வரவில்லை. அடக்கியவரும் சமயம் பார்த்து அடக்கவில்லை. அவ்வுறவை நினைப்பதும் பேரலையை நினைப்பதன் ஒரு பகுதியேயாகும்.

பெயரனும் பெயரும்

பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் திரிபு. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் ஆதலின் அவன் பெயரன் ஆயினான். இறந்தவர் பெயரைப் பிறந்தவருக்கு இடுவது நம் குடும்ப மரபு. பெயர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்னும் வழக்கும் இதிலிருந்தே பிறந்தது.

பேரலை இம்மரபைத் தலைகீழாக்கியது. பாட்டன் பெயரைத் தாங்கிய சிறுவன் போய்விட, பாட்டன் எஞ்சினான். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டிருந்த தாய்மார் பலர், பிள்ளைகளையெல்லாம் இழந்தபின், மீண்டும் மகப்பேறு அடைவதற்குரிய அறுவை சிகிச்சைக்கு அரசின் உதவியைப் பெற்றனர். பின்னர்ப் பிறந்த குழந்தைக்கு இறந்த குழந்தையின் பெயரையே இட்ட பெற்றோர் உண்டு. அப்பெயரை மீண்டும் உச்சரிக்க அஞ்சி வேறு பெயர் இட்டவரும் உண்டு. இரண்டும் அன்பின் செயல்களே. ஆனால் இறந்த உடன்பிறப்பின் பெயரைத் தாங்கி வளரும் பிள்ளை, தனக்கு முன் ஒருவர் இருந்தார் என்பதைப் பெயரிலேயே சுமக்கிறது. அப்பிள்ளைகள் இன்று கல்லூரிப் பருவத்தினர். அவர்களுட் சிலர் எம் மாணவராகவும் இருக்கலாம்.

மொழியும் அந்நினைவைச் சுமக்கிறது. அதுவரை நம் மீனவர் நாவில் இல்லாத சுனாமி என்னும் ஜப்பானியச் சொல் ஒரே நாளில் தமிழாயிற்று. ஆழிப்பேரலை என்னும் புத்தாக்கமும் எழுந்தது. இழந்தோருக்குக் கட்டித்தந்த வீடுகள் சுனாமிக் குடியிருப்பு என்றே வழங்குகின்றன. சுனாமிக்கு முன், சுனாமிக்குப் பின் என்று கரையோர மக்கள் காலத்தைப் பகுக்கின்றனர். ஒரு திருமணத்தையும் ஒரு மகப்பேற்றையும் அதனைக் கொண்டே கணிக்கின்றனர்.

நினைவு காத்த தீவு

நினைவு துயரத்திற்கு வடிகால் மட்டுமன்று. அஃது உயிர்காக்கும் அறிவும் ஆகும். இதற்கு உலகம் அறிந்த சான்று இந்தோனேசியாவின் சிமுலுத் தீவு. 1907இல் அத்தீவைப் பேரலை தாக்கிப் பலரைக் கொண்டது. பிழைத்தவர்கள் அதற்கு ஸ்மோங் என்று பெயரிட்டனர். நிலம் வலிதாய் நடுங்கிக் கடல் பின்வாங்கினால், பொருளைத் தேடாது குன்றுக்கு ஓடவேண்டும் என்பதைக் கதையாகவும் பாட்டாகவும் பேரர்க்குச் சொல்லி வந்தனர். 2004இல் நிலநடுக்கத்தின் மையம் அத்தீவுக்கு மிக அண்மையில் இருந்தது. சில நிமிடங்களிலேயே அலை வந்தது. அரசின் எச்சரிக்கை ஏதும் இல்லை. ஆயினும் ஏறத்தாழ 78,000 மக்களுள் மாண்டவர் 7 பேரே. பாட்டிமார் சொன்ன ஒரு சொல் தீவையே காத்தது. அண்மையிலிருந்த ஆச்சே மாநிலப் பெருநிலத்தில் அச்சொல் இல்லை. அங்கு மாண்டவர் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர்.

ஆச்சேயின் தலைநகரான பண்டா ஆச்சேயில் 2009இல் சுனாமி அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. அதனுள் உயர்ந்த உருளை வடிவக் கூடமொன்றின் சுவர்களில் மாண்டோர் பெயர்கள் எழுதப்பெற்றுள்ளன. அண்ணாந்து நோக்கினால் உச்சியில் இறைவனின் திருப்பெயர் ஒளியில் தெரியும். அங்கும் பெயரே முதன்மை பெற்றது. ஜப்பானின் அனெயோஷி என்னும் சிற்றூரில், 1933ஆம் ஆண்டுப் பேரலைக்குப் பின், இக்கல்லுக்குக் கீழே வீடு கட்டாதீர் என்னும் பொருள்பட ஒரு கல் நட்டனர். ஊரார் அதனை மதித்தனர். 2011 மார்ச் 11ஆம் நாள் எழுந்த பேரலை அக்கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. அதுவும் ஒரு நடுகல்தான். மாண்டவருக்காக நட்டது வருபவரைக் காத்தது.

நம் கரையில் நிகழ்ந்ததை இவற்றோடு ஒப்பிடுவோம். 1881 டிசம்பர் 31ஆம் நாள், கார் நிக்கோபார் அருகே நிகழ்ந்த நிலநடுக்கத்தால் வங்கக் கடலில் ஓர் அலை எழுந்தது. அது சிறிய அலை. சென்னை, நாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களின் அலைமானிகள் அதனைப் பதிவு செய்தன. கருவி எண்ணாக எழுதி வைத்தது. மக்கள் நாவில் அது கதையாகவில்லை. எனவே 2004இல் கடல் உள்வாங்கியபோது அதன் பொருளை நம் மக்கள் அறியவில்லை. வெறுமையான கடல்தரையைக் காணச் சிறுவர் ஓடினர். துள்ளிய மீனைப் பொறுக்கச் சிலர் சென்றனர். கடல்கோள் என்னும் சொல் நம் நூல்களில் இருந்தது. அது நம் குப்பங்களில் இல்லை. இதனைச் சொல்ல வேண்டிய தமிழாசிரியராகிய நாமும் தேர்வுக்குரிய குறிப்பாகவே அதனைக் கற்பித்து வந்தோம்.

2007 முதல் ஐதராபாத்தில் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. நிலநடுக்கம் நேர்ந்த சில நிமிடங்களிலேயே அது செய்தி தரவல்லது. இது பெரும்பேறு. எனினும் அச்செய்தியைக் கேட்டவுடன் கரையை விட்டு நீங்கும் மனம் வேண்டும். அம்மனத்தைத் தருவது கருவியன்று, கேட்டு வளர்ந்த கதையே.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படும். பழைய கடல்கோள் மரபு நிலத்தையும் நூலையும் நினைத்தது. மாந்தரின் பெயரை மறந்தது. இன்றைய அரசுக் கணக்குகளும் எம் பழைய படிவமும் எண்ணைக் காத்தன, பெயரை விட்டன. உற்றாரை இழந்த குடும்பங்களே பெயரைக் காக்கின்றன. அவர்தம் நினைவில் துயரும் அறிவும் பிரிக்க இயலாதவாறு கலந்துள்ளன. தலை பின்னிக்கொள்ளாமல் ஓடிய சிறுமியை நினைக்கும் தாயின் சொல்லில், கடல் அன்று எவ்வாறு பின்வாங்கியது என்பதும் உண்டு. இரண்டையும் சேர்த்தே நாம் கேட்டல் வேண்டும்.

நேரில் கண்டோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அன்று முப்பது வயதினராயிருந்தவர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர். முதியோர் பலர் மறைந்துவிட்டனர். ஒப்பாரி தெரிந்த மூதாட்டியர் குறைந்து வருகின்றனர். ஆதலின் கடற்கரை ஊர்களிலிருந்து வரும் மாணவர் தம் வீட்டிலிருந்தே இப்பணியைத் தொடங்குதல் நலம். பிற ஊர் மாணவர் அவர்களுக்குத் துணை நிற்கலாம். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தலாகாது. அழுபவரிடம் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டலாகாது. எழுதியதை அவர்களுக்கே படித்துக்காட்டி, அவர்கள் நீக்கச் சொல்வதை நீக்கிவிடல் வேண்டும்.

இவ்வாண்டு எம் துறை மாணவர்க்கென ஒரு படிவத்தை வகுத்துள்ளோம். அதன் முதற் கட்டம் பெயருக்குரியது. இரண்டாவது கட்டம் அவரைப் பற்றி வீட்டார் சொல்ல விரும்பும் ஒரு செய்திக்குரியது. மூன்றாவது கட்டம் அன்று காலை கடல் இருந்த நிலைக்குரியது. எண்ணிக்கைக்குரிய கட்டம் கடைசியில் உள்ளது.